குண்டுக்கரிச்சானை முதலில் காதால் தேடுங்கள்

மார்ச் பிறந்ததும் அடையாறு, கிண்டிப் பக்கத்து மரங்களில் குண்டுக்கரிச்சான் பாடத் தொடங்கிவிடும். விடியும் முன்பே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். வண்டிச் சத்தம் கிளம்பிவிட்டால் பாட்டின் பாதி காதில் விழாது.

தெளிவான சீழ்க்கை ஒன்று மேலேறி, வளைந்து இறங்கும். சிறு இடைவெளி. அடுத்த அடி வேறு மெட்டில் வரும். தையல்சிட்டு ஒரே ஒலியை விடாமல் அடுக்கும். இது அப்படிச் செய்யாது. மற்ற பறவைகளின் குரலையும் நடுவே கலந்துவிடும். அந்தக் கலவையைக் கேட்க எனக்கு அலுப்பதே இல்லை. கரகரவென்று அதட்டினால் பூனையோ காக்கையோ அருகில் இருக்கலாம்.

பாட்டு வரும் திசையில் மரத்தின் உச்சிக்கிளையைப் பாருங்கள். கொண்டைக்குருவி அளவுதான் இருக்கும். ஆணுக்குத் தலை, மார்பு, முதுகு பளபளக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, சிறகில் நீண்ட வெள்ளைப் பட்டை. நீண்ட வாலின் நடுப்பகுதி கறுப்பு, ஓரங்கள் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பின் இடத்தில் சாம்பல்.

கருஞ்சிட்டோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதுவும் வாலைத் தூக்கும். ஆணின் தோளில் வெள்ளையும் உண்டு. ஆகவே வயிற்றைப் பாருங்கள். ஆண் கருஞ்சிட்டின் வயிறு கறுப்பு, வாலடி செம்பழுப்பு. கட்டாந்தரையும் பாறையும்தான் அதற்குப் பிடித்த இடம். குண்டுக்கரிச்சானுக்கோ மரநிழல் வேண்டும்.

குளிர்காலத்தில் பாட்டு குறைந்துவிடும். அப்போது புதரடியில், சருகுக்கு நடுவே பூச்சி பொறுக்கும் இடங்களில் தேடுங்கள்.