50 ஹெர்ட்ஸா, 48.5 ஹெர்ட்ஸா? லேசர் இன்டர்ஃபெரோமீட்டரில் இரைச்சலைத் தேடிப் பிடிக்கும் முறை

டர்பனில் கல்லூரி மேசைமேல் முதன்முதலாக மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் அமைக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கருவி லேசர் ஒளியை ‘கைகள்’ எனும் இரு பாதைகளில் பிரித்து அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் ஒளிகளை ஒன்றுசேர்க்கும்; அந்தச் சேர்க்கைதான் குறுக்கீடு. அந்த ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடையோடு தரும் மின்னழுத்தத்தை அதிர்வெண் வரைபடமாக்கிப் பார்த்தால் எங்கோ ஒரு இரைச்சல் முகடு ஊசிபோல் நிற்கும். உடனே மேசைக்கு அடியில் ரப்பர் வைக்கக் கை பரபரக்கும். வேண்டாம். அதன் அதிர்வெண்ணை முதலில் துல்லியமாகப் படியுங்கள்.

படி 1: அதிர்வெண். பத்து நொடிப் பதிவு ஏறக்குறைய 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். ஒரு நொடிப் பதிவில் 50-உம் 49.5-உம் ஒன்றாகிவிடும். தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முகடு 50-இலும், கூடவே 100, 150-இலும் நின்றால் மின்கம்பியையோ பவர் சப்ளையையோ சந்தேகியுங்கள். 48.5-க்குப் பக்கத்தில் நின்றால் அநேகமாக மோட்டார். இருதுருவத் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றை எட்டுவதில்லை. சுமையோடு 2900 சுற்றில் ஓடினால் 48.3 ஹெர்ட்ஸ். நான்கு துருவமென்றால் 25-க்குச் சற்றுக் கீழே. ஒன்றரை ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான், ஆனால் தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது. ஈர்ப்பலைகளைத் தேடும் பெரிய இன்டர்ஃபெரோமீட்டர்களிலும் இது உண்டு: அமெரிக்காவின் லைகோவில் இதே மின்கம்பி முகடு 60-இல் நிற்கும். இத்தாலியின் விர்கோவில் நமக்கிருப்பதுபோல் 50-இல்.

படி 2: முகடு மெய்யா? மாதிரி எடுக்கும் வேகத்தை மாற்றுங்கள். முகடு இடம் மாறினால், உயர் அதிர்வெண் ஒன்று மடிந்து கீழே விழுந்திருக்கிறது.

படி 3: ஒளியை மறையுங்கள். லேசரை முழுக்க மறைத்த பிறகும் முகடு நின்றால் பழி மின்சுற்றின்மேல், அல்லது உள்ளே கசியும் அறை விளக்கின்மேல். ஒரு கையை மட்டும் மறைக்கும்போது குறுக்கீடு இல்லை. அப்போதும் முகடு தெரிந்தால் லேசரின் பிரகாசமே ஆடுகிறது. இரு கைகளும் திறந்திருக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் கண்ணாடிகள் அசைகின்றன. அரை மணி நேரத்தில் முடிகிற இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

படி 4: ஒவ்வொன்றாக அணையுங்கள். ஏசி, குளிர்சாதனப் பெட்டி, பம்பு. ஒருமுறை அணைத்துப் பார்த்தது போதாது. மறுபடி போட்டால் முகடு திரும்பி வர வேண்டும். மின்வெட்டு வந்தால் அதை வீணாக்காதீர்கள்: கட்டடம் முழுவதும் அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் லேசர், பெருக்கி, மடிக்கணினி மூன்றையும் பேட்டரியில் ஓட்டிப் பதிவெடுங்கள். இன்வெர்ட்டர் கூடாது, அது தானே 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கும்.

படி 5: தட்டுங்கள். கண்ணாடித் தாங்கியைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். முகடு உப்பி மெதுவாக அடங்கினால் அது தாங்கியின் சொந்த அதிர்வு. வேறொரு தாங்கியைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை தெரியும் மெல்லிய ஆட்டத்தைத் துரத்த வேண்டாம். அது பெரும்பாலும் கடல் அலைகள் நிலத்தை அசைப்பதால் வருவது.

படி 6: மீண்டும் அளந்து பாருங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு அதே பெருக்கம், அதே பதிவு நேரம் வைத்துப் பழைய வரைபடத்தின் மேலேயே புதியதை வரையுங்கள். முகடு தாழ்ந்து, சுற்றியுள்ள இரைச்சல் தளம் (முகடுகளுக்கு இடையே தெரியும் அடிமட்டம்) உயர்ந்திருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.