பதினாறு அடிக்குள் ஒரு விண்கலம்

விண்கலத் தொடர் எடுக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கட்ட நினைப்பது கட்டுப்பாட்டு அறையை. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நடைபாதையைக் கட்டுங்கள். ஓடுவது, ஒளிவது, சண்டை பிடிப்பது, இரகசியம் பேசுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். நீளம் 16 அடி, அகலம் 6 அடி, உயரம் 7 அடி போதும். 24 மில்லிமீற்றர் லென்ஸை ஒரு கோடியில் தாழ வைத்தால் இதுவே நீண்ட பாதையாகத் தெரியும்.

நான்கு அடிக்கு ஒன்றாக ஐந்து வளைவுச் சட்டங்கள் வேண்டும். 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் வெட்டி, பின்னால் இரண்டுக்கு ஒரு அங்குல மரச்சட்டம் அடிக்கலாம். மேல் மூலைகளை 45 பாகையில் சரித்து வெட்டச் சொல்லுங்கள். மூலை சதுரமாக இருந்தால் எந்தப் பெயின்ட் அடித்தாலும் அரசாங்கக் கச்சேரி வராந்தா மாதிரித்தான் இருக்கும். மொறட்டுவைப் பக்கத்து மரவேலை பாஸ் ஒருவரிடம் ஒரு சட்டத்துக்கு அளவு கீறிக் கொடுத்தால் மற்ற நான்கையும் அதை வைத்தே வெட்டிவிடுவார். ஒரு பக்கச் சுவரை மட்டும் நிரந்தரமாக அடிக்காமல், ஊசியை உருவிக் கழற்றக்கூடிய கீல் போடுங்கள். வேண்டிய பலகையைத் தூக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கமெராவை வைக்கலாம். கூரைக்குப் பலகை வேண்டாம், வெள்ளைப் பருத்தித் துணி கட்டுங்கள். மேலேயிருந்து வெளிச்சமும் இறங்கும், மைக்கைத் துணிக்கு மேலே பிடித்தாலும் குரல் கேட்கும்.

சுவருக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால், கொழும்பு ஈரத்தில் அதன் வெட்டு விளிம்புதான் முதலில் ஊதும். மரப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து விளிம்புக்கு இரண்டு தடவை பூசி, பலகையைச் சீமெந்துத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். தகரக் கூரை ஸ்டோர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தால், ஒக்டோபர், நவம்பரில் வசனக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பின்னேர இடிமழை பிடித்தால் பதிவான ஒலியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். இந்த செட்டை விண்கலமாக்குவது அதுதான். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கமும் எல்இடி ஸ்ட்ரிப் ஓடினால் மொத்தம் ஏறக்குறைய 21 மீற்றர். மீற்றருக்கு 9.6 வாட்ஸ் என்றால் 200 வாட்ஸ் சொச்சம். 12 வோல்ட் 10 அம்பியர் பவர் சப்ளை இரண்டு 240 வாட்ஸ் தருமே, போதாதா என்று தோன்றும். போதாது. மலிவான சப்ளைக்கு 80 வீதத்துக்கு மேல் சுமை ஏற்றினால் மூடிய ஸ்டோர் வெக்கையில் சூடேறி நின்றுவிடும். மூன்று வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஸ்ட்ரிப், சப்ளை, வயர் மூன்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். வெவ்வேறு நாளில் வாங்கும் ரோல்கள் ஒரே வெள்ளையாக இருக்காது, அதனால் தேவையானதை ஒன்றாகவே எடுத்து, உதிரியாக இன்னொரு ரோலும் எடுத்து வையுங்கள்.

ஐந்து மீற்றர் ரோலை வெட்டாமல் ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனை மங்கும். நிறம் மாற்றும் ஸ்ட்ரிப் என்றால் அங்கே வெள்ளை சிவந்து போகும். இரண்டு முனையிலும் கொடுங்கள். பின்பக்கத்து ஒட்டுநாடாவை நம்பக் கூடாது, சூட்டில் கழன்று விழும். அலுமினியக் கால்வாயில் வைத்து, அடிக்கு ஒரு கிளிப் போடுங்கள். மீற்றருக்கு 60 விளக்கு என்றால் இடைவெளி 17 மில்லிமீற்றர் வரும். முன்னால் வைக்கும் பால்வெள்ளை அக்ரிலிக் 25 மில்லிமீற்றராவது தள்ளி இருந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாகும்.

பெரும்பாலான செட்டுகள் மாட்டிக்கொள்வது டிம்மரில். மலிவு டிம்மர் விளக்கை மங்க வைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கமெராவில், முக்கியமாக ஸ்லோமோஷனில், கருங்கோடுகள் ஊரும். டிம்மரைக் கழற்றிவிட்டு வோல்ட்டைக் குறைக்கும் சின்ன பக் கன்வேர்ட்டர் போட்டு 12ஐ 10 ஆக்குங்கள், நடுக்கமில்லாமல் மங்கும். அதன் அம்பியர் அளவு ஸ்ட்ரிப்புக்குப் போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸ்டோரின் டியூப் லைட்டுகளும் எரிவதானால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள். 24 பிரேமில்தான் எடுப்பேன் என்பவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 பாகைக்கு மாற்ற வேண்டும்.

இந்த ஸ்ட்ரிப் வெளிச்சத்தை முகத்தில் அடிக்க விடாதீர்கள். நம்முடைய மாநிறத் தோல் அதில் பச்சை கலந்த சாம்பலாகிவிடும். முகத்துக்குத் தனியே, நிறங்களைச் சரியாகக் காட்டும் தரம் (சிஆர்ஐ) 95க்கு மேலுள்ள ஒரு லைட்.

அடுத்தது கதவு. மோட்டார் தேவையில்லை. இரண்டு பலகைகளை மேல் ரெயிலில் தொங்கவிட்டு, ரெயிலின் இரு கோடியிலும் ஒரு கப்பி வைத்து, அவற்றைச் சுற்றி ஒரே கயிற்றை வளையமாகக் கட்டுங்கள். இடப் பலகையைக் கயிற்றின் மேல் ஓட்டத்திலும் வலப் பலகையைக் கீழ் ஓட்டத்திலும் பிணைத்தால், சுவருக்குப் பின்னால் நிற்பவர் ஓர் இழுப்பு இழுக்க இரண்டும் எதிரெதிராக ஓடும். அரைச் செக்கனுக்குள் திறக்க வேண்டும். முடிவில் ஸ்பொஞ்சுத் தடுப்பு வைக்காவிட்டால் பலகை துள்ளித் திரும்பும், பார்ப்பவர் சிரித்துவிடுவார். இழுப்பவருக்கு நடிகரின் கால் தெரிய ஒரு துளை போட மறக்காதீர்கள். சத்தம் எடிட்டிங்கில் சேர்வதுதான். 1963இல் பிபிசியின் ‘டொக்டர் ஹூ’ தொடரில் வரும் காலப் பயணக் கலமான டார்டிஸ் பறக்கும் ஒலியே, பழைய பியானோக் கம்பியில் வீட்டுச் சாவியை இழுத்துப் பதிவு செய்ததில் பிறந்தது.

சுவரில் ஒட்டும் உறுப்புகளுக்கு, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, ரேடியேட்டர் விசிறிக் கூடு, டேஷ்போர்ட் துண்டு எதுவானாலும் இரண்டாக வாங்குங்கள். ஒரே உறுப்பு ஒரே இடத்தில் திரும்ப வந்தால்தான் தொழிற்சாலையில் செய்த கலம் என்று கண் நம்பும். ஒயில் போகக் கழுவி, 320 இலக்க உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். இல்லாவிட்டால் தோலாக உரியும். ரிஜிஃபோம் (பொதி கட்டும் வெள்ளைப் பொலிஸ்டைரீன் நுரை) சேர்க்கிறீர்களானால் முதலில் எமல்ஷன் பூசுங்கள், ஸ்ப்ரே பெயின்ட் நேரே பட்டால் கரைந்து குழியாகும். சூடான லைட் பக்கம் அதை வைக்கவே வேண்டாம், பற்றினால் புகையே ஆளைக் கொல்லும்.

தமிழில் எழுத்துப் பொறிப்பதென்றால் ஸ்டென்சில் வெட்டும்போது க, ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். ஒவ்வொரு சுழியிலும் 3 மில்லிமீற்றர் பாலம் விட்டு வெட்டுங்கள். தளம் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பதால், எண்களைக் காந்தத் தாளில் வெட்டி, சுவரில் ஒட்டிய தகரத்துண்டின் மேல் வைப்பது வசதி. படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி இன்னொரு நடைபாதை என்று காட்டும் எண்ணமிருந்தால், அந்த ஷாட்டுக்கு முன் எழுத்து, எண், சட்டைப்பை, கைக்கடிகாரம் நான்கையும் அகற்றிவிட்டு, தலைவகிடு பக்கம் மாறித் தெரியும் என்பதையும் ஒப்பனையாளரிடம் சொல்லி வையுங்கள்.