வண்டி மோதிக்கொண்டால்: பேசி முடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் நடுவே, தோட்டத்துப் பாதை ஒன்று நாலு வழிச் சாலையில் வந்து ஏறும் இடம். எக்ஸ்.எல். மொபெட்டும் காரும் மோதிக்கொள்கின்றன. ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அதில் வயதான ஒருவர் முன்னால் வந்து, "ஏனுங்க தம்பி, பெருசா ஒண்ணும் ஆகலீங்களே. கேசு, கோர்ட்டுன்னு எதுக்கு அலையோணும்? ஆசுபத்திரிச் செலவுக்கு ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டுப் போங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். கீறலோடு போனது என்றால் அவர் சொல்வது சரியும்கூட.

ஆனால் ஒருவருக்குத் தலையில் அடி, கால் ஊன்ற முடியவில்லை, மயக்கம் என்றால் அந்தப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே கூடாது. எலும்பு முறிவு எக்ஸ்ரேயில்தான் தெரியும், தலைக்குள் ரத்தக்கசிவு மறுநாள்கூடத் தெரியவரும். அப்போது செலவு லட்சத்தில் நிற்கும். அதைத் தர வேண்டியது பெரும்பாலும் மோதியவரின் இன்சூரன்ஸ் கம்பெனி. கம்பெனியோ முதல் நாள் காகிதங்களை மட்டும்தான் பார்க்கும். அந்தக் காகிதங்கள் எவை, எங்கே, எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் இந்தப் பதிவு. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களும், வீட்டில் யாராவது வண்டி ஓட்டுகிறவர்களும் படித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 1: அந்த இடத்தில்

முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சேலம் – கோவை 544ஆம் எண் சாலையில் விபத்தைப் பார்க்க நின்றவர்கள் மேல் பின்னால் வந்த லாரி ஏறிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். காரின் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, ஆட்களைச் சாலைக்கு வெளியே அனுப்புங்கள்.

108க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் அழைக்கலாம். ஆம்புலன்ஸும் கிரேனும் அந்த எண்ணிலேயே கிடைக்கும். இடம் சொல்லத் தெரியாவிட்டால் சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள். அடிபட்டவருக்குத் தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்து எலும்பு போயிருந்தால் அந்த ஒரு இழுப்பில் நிலைமை மோசமாகிவிடும்.

அப்புறம், வண்டியை ஓரம் கட்டுவதற்கு முன் போனில் படம். இரண்டு வண்டியும் நிற்கும் நிலை, எதிர்வண்டியின் நம்பர் பிளேட், சாலையில் டயர் தேய்ந்த தடம், பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகை. இவ்வளவு போதும், ஒரு நிமிட வேலை. பக்கத்தில் பெட்ரோல் பங்க், பேக்கரி இருந்தால் அங்கே கேமரா இருக்கும். பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே சொல்லி வையுங்கள்.

வழியில் போகிற நீங்கள் அடிபட்டவரை ஆசுபத்திரியில் சேர்க்கிறீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உங்களுக்கான பாதுகாப்பு. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சேர்த்துவிட்டுக் கிளம்பலாம்.

படி 2: ஆசுபத்திரியில்

பெரும்பாலான கேஸ்கள் கெட்டுப்போவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டது?" போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்தோ, மோதியவர் தெரிந்த பையன் என்பதாலோ, "வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று உடன் வந்தவர் சொல்லிவிடுவார். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். ஆறு மாதம் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் எடுக்கும் முதல் தாள் அதுதான். "தானே விழுந்ததாக இவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் எதை நிரூபிப்பதும் மலையேறுகிற வேலை.

ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள்: எந்த வண்டி எந்த வண்டியோடு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. எதிர்வண்டியின் எண் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

பணத்துக்காகச் சேர்க்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. நம் மாநில எல்லைக்குள் விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வடமாநிலத்திலிருந்து வந்து தறி ஓட்டுகிறவருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இது உண்டு, காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு. பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆசுபத்திரிகளிலும் கிடைக்கும். நுழையும்போதே "நாற்பத்தெட்டுத் திட்டத்துல இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வார்டுக்கே வந்து, "நான் பார்த்துக்கிறேனுங்க, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஃபார்ம் நீட்டுகிறவர்கள் உண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கட்டணம் பேசுவதற்குப் பார் கவுன்சில் விதிகளே தடை போட்டிருக்கின்றன.

படி 3: காவல் நிலையம்

ஓட்டியவருக்கு 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்கும் கடமை இருக்கிறது. அடிபட்டவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதும் அவர் கடமைதான். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேராகக் காவல் நிலையம் போய்ச் சொல்லலாம், அதைத் தப்பி ஓடியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடிபட்டவர் தரப்பில் புகார் எழுதப் பெரிய மொழி எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். இன்று மாலை சுமார் 6.30 மணிக்கு என் தம்பி தன் இருசக்கர வாகனத்தில் கோபியிலிருந்து சத்தி நோக்கிச் சாலையின் இடது ஓரமாகச் சென்றுகொண்டிருந்தார். பேருந்து நிறுத்தம் அருகே, எதிரே வந்த காரை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார். தம்பிக்கு வலது காலில் எலும்பு முறிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு வண்டியின் பதிவெண், ஊர், நிறுத்தத்தின் பெயர், ஆசுபத்திரியின் பெயர் ஆகியவற்றை அந்தந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டாம்.

புகாரைக் கொடுத்ததும் கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை. அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கிடையாது. பலர் அதை வாங்கிக்கொண்டு கேஸ் ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். விபத்து பவானி எல்லையில் நடந்து, நீங்கள் கோவை ஆசுபத்திரியில் உட்கார்ந்திருந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு எல்லை பார்க்காமல் பதியச் சொல்கிறது. அவர்களே உரிய நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

படி 4: பிரேக் இன்ஸ்பெக்டர்

நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை இப்படிச் சொல்லித்தான் பழக்கம். அவர் பார்க்கும்வரை வண்டியில் கை வைக்காதீர்கள். உடைந்த ஹெட்லைட்டை மாற்றிவிட்டால் எந்தப் பக்கம் மோதியது என்பதே போய்விடும்.

படி 5: இன்சூரன்ஸ்

உங்கள் கம்பெனிக்கு அன்றைக்கே போன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்த பிறகுதான் ஒர்க்‌ஷாப் வேலை. பம்பர் கீறல் மாதிரிச் சின்னச் செலவென்றால் கிளெய்ம் போடாமல் கைக்காசில் முடிப்பது நல்லது, இல்லாவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும்.

இதைவிட முக்கியம், பாலிசி யாருக்குப் பணம் தரும் என்பது. அப்பாவும் அம்மாவும் ஒரே வண்டியில் கல்யாணத்துக்குப் போகிறார்கள், நாய் குறுக்கே வந்து விழுகிறார்கள் என்று வையுங்கள். எதிர்வண்டி இல்லை. வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி (மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்த அம்மாவுக்கு அந்தப் பாலிசியில் எதுவும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் கிடைக்கும். கிராமத்தில் பாதி வண்டிகள் தேர்டு பார்ட்டியில்தான் ஓடுகின்றன என்பது என் கணிப்பு.

ஓட்டிய அப்பாவுக்கு? ஓனர் – டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும், இறப்புக்கு 15 லட்சம். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவரே ஓட்டியிருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். அப்பாரு காலத்து வண்டி, ஆர்.சி. அவர் பெயரிலேயே இருக்கிறது, ஓட்டுவது பேரன் என்றால் பேரனுக்கு அந்த 15 லட்சம் இல்லை.

குட்டி யானையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பண்ணாரிக்கும் பழனிக்கும் போகிற பழக்கமும் அப்படித்தான். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை. ஏதாவது நடந்தால் வண்டிக்காரரின் தோட்டம்தான் ஏலத்துக்கு வரும்.

படி 6: தீர்ப்பாயம்

விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். விபத்து திருச்சி பக்கம் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும்.

எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வருமானச் சான்றுதான் நம் பக்கம் பலருக்குச் சிக்கல். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வங்கிப் பாஸ்புக், பி.எஃப். எண், பால் சொசைட்டியில் பணம் ஏறிய கணக்கு, மஞ்சள் விற்ற மண்டிச் சீட்டு எதுவானாலும் கொடுங்கள். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வருமானம் ஏது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இல்லத்தரசியின் வேலைக்கும் மதிப்புப் போட்டுத்தான் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொல்லியிருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்கவும் வழி உண்டு. சீக்கிரம் பணம் வரும், ஆனால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முழு வைத்தியமும் முடிந்து, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஒத்துக்கொள்வதே என் யோசனை.

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதை வைத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

சரி, எப்போதுதான் பேசி முடிக்கலாம்?

யாருக்கும் அடி இல்லை, வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் தாராளமாக. ஒரு தாளில் தேதி, இடம், இரண்டு வண்டி எண், கொடுத்த தொகை, "இத்துடன் இந்தச் சேதத்துக்கான கணக்கு முடிந்தது" என்ற வரி, இருவர் கையெழுத்து. இரண்டு பேரும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்றைக்கே பார்க்க வேண்டியவை

பத்தாவது படிக்கும் பையனிடம் பால் ஊற்றிவிட்டு வரச் சொல்லி எக்ஸ்.எல். சாவியைக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். எக்ஸ்.எல். 100 அதைப்போல இரண்டு மடங்கு. சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்பதும் 199ஏ பிரிவில் இருக்கின்றன.

ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் முடியும் தேதியையும் பாலிசியில் நாமினி யார் என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக, விற்றுவிட்ட வண்டி. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து ஆனால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பரிவாகன் தளத்தில் பழைய வண்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் மாறவில்லை என்றால் வாங்கியவருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.