சுவிசேஷங்கள் முரண்படுவதுபோல் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் நூல்களான சுவிசேஷங்களின்படி, எரிகோ ஊரில் அவரால் பார்வை பெற்ற குருடர் ஒருவரா இருவரா என்று ஒருவர் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்ட முறை இது.

1. தாளைக் குறுக்காக வைத்து இந்தச் சம்பவத்தைச் சொல்லும் சுவிசேஷத்துக்கு ஒன்றாக மூன்று கட்டம் போடுங்கள்: மத்தேயு 20:29-34, மாற்கு 10:46-52, லூக்கா 18:35-43. செயலியிலும் அருகருகே திறக்கலாம்தான், ஆனால் எனக்குத் தாளும் பென்சிலும்தான் சரிப்படும், கையால் எழுதும்போதுதான் சின்னச் சொல்லெல்லாம் கண்ணில் படும். பகுதிகளுக்கு மேலே இருக்கும் தலைப்புகளை நம்ப வேண்டாம், அவை பதிப்பித்தவர்கள் சேர்த்தவை.

2. ஒரு சுவிசேஷத்தை எழுதும்போது மற்ற இரண்டையும் மூடிவிடுங்கள். யார், எத்தனை பேர், எங்கே, என்ன பேசினார்கள், அவ்வளவு போதும்.

3. சொல்லாததை எழுதாதீர்கள். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். மாற்கு அந்தக் குருடரின் பேர் பர்திமேயு என்று சொல்கிறார், நான் கட்டத்தில் 'ஒருவர் மட்டும்' என்று எழுதிவிட்டு, இருவர் என்கிற மத்தேயுவோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அந்த 'மட்டும்' மாற்குவில் இல்லை, நான் போட்டது. இதற்கு நல்ல பயிற்சி யோவான் 20. முதல் வசனத்தில் இயேசுவின் கல்லறைக்கு வருவது மகதலேனா மரியாள் ஒருத்திதான், அடுத்த வசனத்தில் அவளே "எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறாள். அந்த 'எங்கள்' யார் யார் என்று யோவான் சொல்லவில்லை. ஒருத்தியைப் பற்றி எழுதினால் வேறு யாரும் வரவில்லை என்று அர்த்தமில்லை.

4. இடம். மத்தேயுவும் மாற்கும் எரிகோவை விட்டுப் புறப்படும்போது என்கிறார்கள், லூக்கா ஊரை நெருங்கும்போது என்கிறார். 'பக்கத்தில்' என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன், ஆனால் லூக்கா 19:1-ல் அதற்குப் பிறகுதான் இயேசு எரிகோவுக்குள் நுழைகிறார், சகேயு வருகிறான். பழைய எரிகோ ஒன்று, ஏரோது ராஜா அரண்மனை கட்டிய பகுதி இன்னொன்று, நடுவில் நடந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இரண்டு இடங்களும் நிஜம். ஆனால் மூன்று பேரில் யாரும் 'இரண்டு எரிகோ' என்று சொல்லவில்லையே. அதனால் வசனத்தில் உள்ளதைக் கறுப்பிலும், இப்படிப்பட்ட ஊகங்களைச் சிவப்பிலும் எழுதுகிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், இயேசு தம் பன்னிரண்டு சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும் பகுதியில் இந்த முறை மாட்டிக்கொள்கிறதே என்று எழுதியிருந்தார். சரிதான். மாற்கு 6:8-ல் தடி மட்டும் எடுக்கலாம், மத்தேயு 10:10-ல் தடியும் கூடாது. இங்கே யாரும் எதையும் சொல்லாமல் விடவில்லை, மூன்றாம் படி உதவாது. மத்தேயுவின் கிரேக்க வினைச்சொல்லுக்கு 'சம்பாதித்தல், புதிதாக வாங்குதல்' என்று பொருள், ஆகவே புதுத் தடி வாங்காதே, கையில் இருப்பதோடு போ என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, லூக்கா 9:3-ஐப் பார்க்கும்வரை. அங்கேயும் தடி கூடாது, ஆனால் வினைச்சொல் மாற்கு போட்ட அதே 'எடுத்தல்'. என் தாளில் அந்தக் கட்டம் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.