பல் தேய்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் கூச்சம் என்று மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் ஒரு நாளும் தவறாமல் பல் தேய்ப்பவர்கள்தாம். அவர்கள் அழுத்தித் தேய்த்ததுதான் கேடாக முடிந்திருக்கிறது. பிரஷ்ஷின் கடினமான நார்களால் இடமும் வலமுமாக அறுப்பது போல் இழுக்கும்போது ஈறு மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது. பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் கடினமான உறையான எனாமலின் காப்பு வேருக்குக் கிடையாது. ஆகவே அது வெளியே தெரிந்ததும் விரைவாகத் தேய்ந்து, ஈறை ஒட்டிக் குழி விழுகிறது. பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீரென்கிறது. போன ஈறு தானாக வளர்ந்து வராது.

பல்லில் படியும் கிருமிப் படலம் மிக மிருதுவானது. அதை நீக்க வலு வேண்டாம், சரியான இடத்தில் பிரஷ் பட்டால் போதும். பல்லும் ஈறும் சேரும் விளிம்புதான் அந்த இடம். மென்மையான நார்களை அங்கே 45 பாகை சாய்வாக வைத்து, இரண்டு மூன்று பற்களாகச் சிறிது சிறிதாக அசைத்து, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி வழித்துவிட வேண்டும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடம் அருகில் இருப்பதால் காரை, அதாவது கெட்டிப்பட்ட படலம், முதலில் கட்டுவது அங்கேதான். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறமும் இப்படியே விடுபடுகிறது. எல்லாப் பக்கத்தையும் தொட 2 நிமிடமாவது ஆகும்.

ஈறில் ரத்தம் கசிந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுவது மிகவும் வருந்தத்தக்க தவறு. படலம் தங்கி ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. தேய்க்காமல் விட்டால் வீக்கம் கூடும். மெதுவாக, ஆனால் விடாமல் சுத்தம் செய்யுங்கள். இரண்டு வாரத்திலும் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

தேய்த்து முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கிறோம். பற்பசையின் ஃப்ளோரைடும் அதோடு போய்விடுகிறது. சொத்தையைத் தடுப்பது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுவது நல்லது. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் மட்டும், குழந்தைகளுக்கு எந்தப் பசை ஏற்றது என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் தேய்த்துவிட்டு இரவில் அப்படியே படுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், பல்லில் ஒட்டிய உணவிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம். அமிலம் பட்டு இளகிய எனாமல் இறுக அரை மணி நேரமாவது விடுங்கள். செங்கல் தூள், கரித்தூள் இரண்டும் எனாமலை அரைப்பவை. நார் விரிந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள்; விரியாவிட்டாலும் மூன்று நான்கு மாதத்தில் மாற்றுங்கள்.

விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் நெடுகப் பசை பிதுக்குவது குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. 3 வயதுக்குள் அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும். துப்பத் தெரியாத வயதில் விழுங்கத்தான் செய்வார்கள். ஏழு வயது வரையாவது பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிட வேண்டும். அதற்கு முன் அந்தக் கைகளுக்குக் கடைவாய்ப் பல் எட்டினாலும் சுத்தம் செய்யும் பக்குவம் வந்திருக்காது.