கரையோரமாகப் பாய்மரப் படகில்: சிறு தொலைவுகளாகப் பயணம் செய்யும் முறை

கரையை ஒட்டி, நாளுக்கு ஒரு துறை என்று பாய்மரப் படகில் பயணம் செய்யத் தொடங்குபவர்கள் பலரும், கரை கண்ணுக்குத் தெரியும் வரை ஆபத்தில்லை என்று நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. நடுக்கடலில் காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்கிக்கொண்டு, அது போகும் போக்கில் பல மணி நேரம் ஒதுங்கிப் போக இடமிருக்கிறது. கரையோரத்தில் அந்த இடம் இல்லை. பாறை, மணல்திட்டு, விரித்த வலை, ஆற்று முகத்துவாரத்தில் உடையும் அலை ஆகிய அனைத்தும் கரைக்கு அருகில்தான் காத்திருக்கின்றன. ஆகவே சிறு பயணத்தின் திட்டத்தைப் புறப்படும் இடத்திலிருந்து போடக் கூடாது. சேர வேண்டிய இடத்தில், சேர வேண்டிய நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்.

பொழுது சாய்வதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக நங்கூரம் இறங்கியிருக்க வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள். பார்த்திராத துறைக்குள் இருட்டில் நுழைவது, அனுபவம் மிக்கவர்களும் தவிர்க்க விரும்பும் வேலை. சூரியன் 6.30 மணிக்கு மறைகிறது என்றால், 4.30க்குள் போய்ச் சேர வேண்டும். படகு நல்ல காற்றில் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் போகக்கூடியது என்றாலும், கணக்கை 4 நாட் என்றே போடுங்கள். அந்தக் கணக்கில் 28 கடல் மைல் தொலைவுக்கு 7 மணி நேரம் ஆகும். அதாவது காலை 9.30 மணிதான் புறப்படுவதற்கான கடைசி எல்லை. நானாக இருந்தால் 7 மணிக்கே நங்கூரத்தைத் தூக்கிவிடுவேன்.

அந்த 28 மைலும் காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தால் கணக்கே மாறிவிடும். காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகைக்குள் பெரும்பாலான பயணப் படகுகளால் நெருங்கிச் செல்ல முடியாது என்பதால், மாறி மாறிச் சாய்ந்து போகும்போது 28 மைல் என்பது கிட்டத்தட்ட 40 மைலாக நீளும். அதற்கு 10 மணி நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பாதி வழியில் உள்ள துறையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது நின்ற இடத்திலேயே இன்னொரு நாள் நில்லுங்கள்.

கரையோரக் காற்றுக்கென்று ஒரு நாளொழுங்கு உண்டு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், முற்பகலின் பிற்பகுதியில் கடற்காற்று எழுந்து, பிற்பகலில் உச்சத்தை அடைந்து, மாலையில் தணிகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் திசை மாறி, நிலக்காற்று மெதுவாகக் கடலை நோக்கி வீசுகிறது. பல இடங்களில் அது விடிந்த பின்னும் சற்று நேரம் நிற்கும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்கு அலையை வளர்க்க நீர்ப்பரப்பு இல்லாததால், அந்த விடிகாலை நேரத்தில் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். நிலைத்த காற்று உங்களுக்கு எதிராக வீசும் கரையில், இந்த நிலக்காற்றைப் பிடித்துக்கொண்டு, கடற்காற்று முறுக்கேறும் முன் அடுத்த துறைக்குள் நுழைந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

காற்றை விடவும் அதிகம் ஏமாற்றுவது நீரோட்டம். ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, வலுவாக உள்ள கரையில் 2 நாட் நீரோட்டம் என்பது அரிதல்ல. 5 நாட் போகும் படகு அதனுடன் சேர்ந்தால் கரையைப் பொறுத்து 7 நாட், எதிர்த்தால் 3 நாட். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர்நீரிலிருந்து அடுத்த உயர்நீருக்கு 12 மணி 25 நிமிடம் ஆகிறது; எனவே சாதகமான ஓட்டம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும், உங்கள் புறப்பாடும் அதனுடன் தள்ளிப் போக வேண்டும். நீரோட்டம் ஒருபுறமும் காற்று எதிர்ப்புறமும் மோதும்போது அலை குட்டையாக, செங்குத்தாக எழும். நிலம் கடலுக்குள் நீளும் முனைகளில் இது மிகவும் கடுமையாக இருக்கும். அங்கே ஓட்டமும் விரைவாகிறது, காற்றும் வளைந்து வலுக்கிறது. முனையை, ஓட்டம் திசை மாறும் இடைவேளையில் நீர் தேங்கி நிற்கும் நேரத்தில் கடக்கலாம், இல்லையேல் பல மைல் விலகிச் செல்லலாம். இடைப்பட்ட தூரத்தில் போவதுதான் தவறு.

மணல்திட்டு உள்ள முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வற்று நீர் வெளியே பாயும்போது, கடலிலிருந்து வரும் அலை அதனுடன் மோதித் திட்டின் மேல் உடைகிறது. ஆனால் கடலிலிருந்து பார்ப்பவருக்கு அலைகளின் முதுகு மட்டுமே தெரிவதால், வாய் அமைதியாக இருப்பதாகத் தோன்றும். உடையும் முகம் கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் நுழையுங்கள். தரை தட்டினாலும், ஏறும் நீர் படகைத் தூக்கிவிடும்; வற்றும் நீரோ அங்கேயே கிடத்திவிடும்.

ஒவ்வொரு நாளுக்கும் இடையில் ஒதுங்க ஒரு துறையை வரைபடத்தில் குறித்து வையுங்கள். அதைவிட முக்கியமானது, எந்த நேரத்தில் எந்த இடத்தைத் தாண்டியிராவிட்டால் அங்கே திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வது. அலுத்துப்போன மனம் நடுவழியில் சரியாக முடிவெடுக்காது. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊரில் இருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் பணியினரை அழைக்க வேண்டும் என்பதைக் கரையில் ஒருவரிடம் அவசியம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எஞ்சினின் எண்ணெய், குளிர்நீர், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைக் காலையில் பாருங்கள். படகின் வி.எச்.எஃப். வானொலி, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கியும் பிணைப்புக் கயிறும் கையெட்டும் இடத்தில் அல்ல, உடலில் இருக்க வேண்டும்.

ஓட்டத்தில் கரையிலிருந்து விலகி நிற்கும் தூரமே உங்கள் சேமிப்பு. காற்று கரையை நோக்கி அடிக்கும்போது பாயோ எஞ்சினோ பழுதாகி, படகு 1 நாட் வேகத்தில் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 2 மைல் விலகியிருந்தவருக்கு 2 மணி நேரம் கிடைக்கும். கால் மைலில் இருந்தவருக்குக் கால் மணி நேரம்தான். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகிறது. ஆகவே பாயைச் சுருக்கலாமா என்று முதன்முறை தோன்றும்போதே சுருக்கிவிடுங்கள்.

துறைக்குள் வந்தபின் நங்கூரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ஆழம் 5 மீட்டர், நீர் இன்னும் 2 மீட்டர் ஏறும், படகின் அணியம் (முன்முனை) நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், கணக்குக்கான ஆழம் 8 மீட்டர். நங்கூரத்தைப் பிணைத்திருப்பது முழுச் சங்கிலி என்றால் அந்த ஆழத்தின் 5 மடங்காக 40 மீட்டர் விட வேண்டும். பெரும்பகுதி கயிறு என்றால் 7 மடங்கு. காற்றுத் திசை மாறிச் சுழலும்போது அத்தனை நீளத்துக்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டாமல், படகு பின்வாங்க வாங்க விட்டு, பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக இயக்கி இழுங்கள். அப்போது அணியத்தில் குனிந்து சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் தரையில் இழுபட்டால் விட்டு விட்டு அதிரும், கல்லின் மேல் உருளும் கரகரப்பு கைக்குத் தெரியும். பிடித்துவிட்டால் சங்கிலி விறைத்து, அதிர்வற்று நிற்கும். பிறகு கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு பாறையும் படகின் பக்கவாட்டில் ஒரே கோட்டில் வருவதைக் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்தும் அவை கோடு கலையாமல் இருந்தால் நங்கூரத்தை நம்பலாம். இருட்டியதும், எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு வேலையை முடிக்க வேண்டும். நள்ளிரவில் காற்று மாறி அந்தத் துறையை நோக்கியே அடிக்கத் தொடங்கினால், வெளியேறுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நங்கூரமிட்ட இடத்திலிருந்து ஆபத்தில்லாத ஆழ்நீர் வரை போகும் திசையைத் திசைகாட்டியில் அளந்து, அந்தப் பாகையையும் தூரத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு உறங்கப் போங்கள்.