கால்பந்து ஆட்டக்காரர் மனம் சோர்ந்தால்: மதுரைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனம் சோர்ந்துபோன ஓர் ஆட்டக்காரர் அதைத் தம் பயிற்சியாளரிடம் மறைப்பதற்கு வெட்கத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அணியில் இடம் என்பது ஆட்டத்தோடு முடிகிற விஷயம் அல்ல; மாவட்ட அணித் தேர்வு, விளையாட்டு விடுதியில் சேர்க்கை, கல்லூரியில் கட்டணச் சலுகை, பின்னாளில் காவல்துறையிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய வேலை என்று ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் பதினாறு வயதுப் பையனின் மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, பள்ளி உடற்கல்வி ஆசிரியரோ, கிளப் பயிற்சியாளரோ, மூத்த ஆட்டக்காரரோ, உதவ நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது இந்த அச்சத்தை நீக்குவதுதான்.

பிரச்சினை வந்த பிறகு இதைச் செய்வது கடினம். சீசன் தொடங்கும் வாரத்திலேயே அணி முழுவதையும் உட்காரவைத்து, உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுப்பவருக்கு இடம் எப்படிக் காத்திருக்குமோ அப்படியே மனம் சரியில்லாமல் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் காத்திருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் மட்டும் போதாது. அழுத ஒருவனைப் பார்த்து "பொம்பளப் பிள்ள மாதிரி" என்று நீங்களோ உங்கள் கேப்டனோ ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்கு முன் கொடுத்த உறுதி எதையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இந்த அச்சம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ராபர்ட் என்கேயின் வாழ்க்கையைப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஹனோவர் 96 அணிக்கும் தேசிய அணிக்கும் கோல் கீப்பராக இருந்த அவர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்ததை அணியினருக்குத் தெரியாமல் மறைத்தே ஆடினார். 2009 நவம்பர் 10 அன்று தம் 32ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்தால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று அவர் அஞ்சியதை மறுநாள் அவருடைய மனைவி தெரேசா செய்தியாளர்களிடம் கூறினார். அதே 2009இல் நண்பர் தானி ஹார்க்கேயை இழந்த ஸ்பெயினின் ஆந்த்ரேஸ் இனியெஸ்தாவும் மனச்சோர்வில் விழுந்தார். ஆனால் அவர் உதவி தேடிப் பெற்றார், 2010 ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் வெற்றி கோலையும் அடித்தார். சிகிச்சைக்குப் போனால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கும் பெற்றோரிடம் இனியெஸ்தாவின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம்.

இனி, கவனிப்பது எப்படி என்று பார்ப்போம். பயிற்சியாளருக்கு ஒரு வசதி உண்டு: வீட்டார்கூடக் கவனிக்காத சின்ன மாற்றங்கள் மைதானத்தில் தெரிந்துவிடும். முதல் ஆளாக வந்து கோன்களை அடுக்கிவைக்கும் பையன், வார்ம்-அப் முடிகிற நேரத்தில் வந்து சேருகிறான். ஒரு பூட்ஸைக் கட்டி முடித்துவிட்டு, இன்னொன்றின் நாடாவைக் கையில் பிடித்தபடி காலரிப் படியில் உட்கார்ந்தே இருக்கிறான். துணிந்து பந்தை முன்னே கொண்டுபோனவன், வந்த பந்தையெல்லாம் பின்னால் இருப்பவருக்கே தள்ளிவிடுகிறான். தடுப்பாட்டக்காரர்களைச் சத்தம் போட்டு நிறுத்தும் கோல் கீப்பரின் குரல் கேட்பதே இல்லை. இவற்றோடு தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, எதற்கெடுத்தாலும் சண்டை, போதைப் பாக்கு அல்லது குடி, ஊக்கம் தந்த எதிலும் ஆர்வமின்மை ஆகியவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ முடிவு கட்டாமல் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வயிறு சரியில்லை என்று சொல்பவரையும் நடிக்கிறார் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2014இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி அணியின் பெர் மெர்ட்டசாக்கர், ஆட்டம் தொடங்கும் முன் தமக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்ததையும், காயம் பட்டால்தான் கொஞ்சம் ஓய்வு என்று தோன்றியதையும் 2018இல் ஒரு பேட்டியில் மனம் திறந்து சொன்னார். அவர் அளவுக்கு ஆடியவருக்கே அப்படி என்றால், ஒரு செலக்‌ஷனை நம்பி வாடிப்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

காயம்பட்டவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். என் கணிப்பில் நம் ஊரில் மிக அதிகமாகத் தவறவிடுவது இவர்களைத்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆடிக்கொண்டிருந்தவர்களில் 38 சதவீதத்தினர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் தமக்கு இருந்ததாகத் தெரிவித்தனர். மூன்று அல்லது அதற்கு மேல் கடுமையான காயம் பட்டவர்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதற்கான வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்றும் அந்த ஆய்வு கூறியது. முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மீண்டும் ஆட ஏறக்குறைய ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்த மாதங்களில் அவருக்குப் பயிற்சி இல்லை, அணியோடு பயணம் இல்லை, வாட்ஸ்அப் குழுவில்கூட யாரும் அவர் பெயரை எடுப்பதில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஜூனியர் பிள்ளைகளுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தரலாம், ஆட்டத்தில் எதிரணியின் கார்னர்களைக் குறித்துவைக்கலாம். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தலையில் அடிபட்டவர் விஷயம் வேறு. அடிபட்ட பின் எரிச்சல், மந்தம், தூக்கக் குழப்பம் தெரிந்தால் அது மூளை அதிர்ச்சியாகவும் இருக்கலாம் என்பதால், உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேசும்போது தனியாகப் பேசுங்கள். தோற்ற ஆட்டம் முடிந்த கையோடு பேசாதீர்கள். எதிரே நிற்கவைத்துக் கேட்பதைவிட, டீக்கடை வரை கூட நடந்துகொண்டே கேட்டால் பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள். "தம்பி, ரெண்டு வாரமா நீ பழைய மாதிரி இல்ல. ஆட்டத்தப் பத்திக் கேக்கல, உன்னயப் பத்திக் கேக்குறேன்" என்று தொடங்கலாம். "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்ற பதில்தான் முதலில் வரும். அதற்கு மேல் துருவாமல், "சரி, சொல்லத் தோணும்போது சொல்லு, எந்நேரம்னாலும் போன் போடு" என்று விட்டுவிட்டு, சில நாட்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கியதும் அறிவுரை சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது கடினம். ஆனாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். "உன்ன விடக் கஷ்டப்பட்டவன் எத்தனயோ பேரு" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடும்.

வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற சொல் எதுவும் வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்டபின் பலருக்கு மனப்பாரம் குறைகிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லி, பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற சத்தியத்தை ஆரம்பத்திலேயே செய்துவிடக் கூடாது என்பது இதனால்தான். உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன் என்று சொல்வதே நேர்மை.

எங்கே அழைத்துப் போவது? 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். ஆட்டக்காரர் மட்டுமல்ல, அவருக்காகப் பயிற்சியாளரும் அழைத்து வழி கேட்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு வர இயலாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கூடவே போங்கள். சீட்டு வாங்கும் வரிசையிலேயே பலர் மனம் மாறித் திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டில் செய்வினை என்பார்கள், பாண்டி கோவிலுக்குப் போக வேண்டும் என்பார்கள், கோரிப்பாளையம் தர்காவில் மந்திரிக்க வேண்டும் என்பார்கள். அதை எதிர்த்து வாதாடத் தேவையில்லை. சாமி கும்பிட்டுவிட்டு டாக்டரையும் பார்த்துவிடுவோம் என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் ஒத்துக்கொள்வார்கள். அப்பாக்களின் கவலை பெரும்பாலும் மாத்திரை பற்றியதாக இருக்கும். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. இருந்தாலும் போட்டிகளில் ஆடுபவர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாகிவிட்டது என்று நினைத்து நாமாக நிறுத்தக் கூடாது.

பெண் பிள்ளைகளிடம் பேசும்போது ஒரு பெண் ஆசிரியர் உடனிருப்பது நல்லது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் யாராவது, ஆணோ பெண்ணோ, பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், அது மைதானத்தில் நடந்திருந்தாலும் வீட்டில் நடந்திருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் வழிகாட்டும். அணியின் பெயர் கெடும் என்பதற்காக அதைப் பேசி முடிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஆட்டத்துக்குத் திரும்புவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். மருத்துவர் சரி என்று சொன்னால், முதல் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் எத்தனை நிமிடம் இறக்கப்போகிறீர்கள் என்பதை முந்தைய நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்டாயா என்று மைதானத்தின் குறுக்கே கத்திக் கேட்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் தேதி பயிற்சி நாளில் விழுந்தால் அவரை அனுப்பிவையுங்கள். அணித் தேர்வுக்கு வருகையைக் கணக்கெடுக்கும்போது, அந்த நாளையும் பயிற்சிக்கு வந்த நாளாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.